இரண்டாவது புல்கட்டு

2024 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தில் வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் நின்று அந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினேன். கையிலிருந்த கருவி அதைத் தானாகவே பதிந்துகொள்ளும். ஆனாலும் எழுதிவைப்பது என் வழக்கம். அதனால்தான் இன்று இதைச் சரியாகச் சொல்ல முடிகிறது.

நான் அப்போது தமிழ் இலக்கிய முதுகலை மாணவி. ஒரு பருவம் விடுப்பு எடுத்துக்கொண்டு, அரசின் கணக்கெடுப்பு ஒன்றில் ஒப்பந்தக் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். கடைகளையும் தொழில்களையும் பற்றிக் கேட்பது ஒன்று, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பது ஒன்று என்று பல கணக்கெடுப்புகள் உண்டு. எனக்கு வாய்த்தது, வீட்டில் இருப்பவர்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்பது. முந்தைய நாள் அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் அதிகாலை நான்கு மணி வரை, அரைமணி அரைமணியாகக் கேட்க வேண்டும். நாற்பத்தெட்டுக் கட்டங்கள். ஒன்றும் காலியாக இருக்கக் கூடாது.

கடைவீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். என் பெற்றோர் இடுக்கியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். அம்மா வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டேனா என்று கேட்பார், சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் அங்கே சிக்னல் போய்விடும். மூன்று வாரமாக அந்நியர்களின் நாட்களை நாற்பத்தெட்டுத் துண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் நாள் எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு அதிகம் இருந்திருக்காது.

அந்த வீட்டில் மூன்று பேர். கணவர் பொள்ளாச்சிச் சந்தைக்குச் சரக்கு வண்டி ஓட்டுபவர். விடியும் முன்பே போய்விட்டிருந்தார். அவருடைய தந்தை மாட்டுக் கொட்டகையின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். மருமகளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை அக்கா என்று அழைத்தேன். நான்கு மாடுகளின் வேலையும் அவருடையது. மாமனார் செய்வது, மதியம் ஒரு மணிக்குப் புல்கட்டை அவிழ்த்து மாடுகளுக்குப் பிரித்துப் போடுவது மட்டும்.

அக்கா தன் முந்தைய நாளைச் சொல்லத் தொடங்கினார். நான்கு மணிக்குச் சாணம் வாரியது. நான்கரைக்குப் பால் கறந்தது. ஆறு மணிக்குப் பாலைச் சொசைட்டியில் ஊற்றியது. அடுத்த கட்டம் ஏழரைக்குச் சோறு வைத்தது. பால் ஊற்ற ஒன்றரை மணி நேரம் ஆகாதே என்றேன். அக்கா சற்றுத் தயங்கி, தாழ்ந்த குரலில், வாய்க்கால் கரையில் புல் அறுத்ததாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பதினொரு மணிக் கட்டத்துக்கு வந்தபோது அவர் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "பதினொண்ணுக்குப் புல்லுக்குப் போவா. வர ஒரு மணி ஆகும். அதையும் எழுதிக்க அம்மிணி."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். படிவம் புல்கட்டுகளின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். ஒரு வேலை இரண்டு இடங்களில் வந்தால் அது இரண்டு வேலைதானா, நினைவுப் பிசகா என்று உறுதிசெய்துகொள்ளும் ஒழுங்கு எனக்கு இருந்தது.

"காலையிலயும் புல், பதினொரு மணிக்கும் புல். ரெண்டு கட்டா, அக்கா?"

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"காலையில புல்லா? சொசைட்டியில நின்னு கதை பேசறான்னல்ல நெனச்சேன். எம் மாட்டுக்கு வர்றது ஒரு கட்டு. இன்னொண்ணு யாரு ஊட்டு மாட்டுக்குப் போகுது?"

காலையில் கொஞ்சந்தான் அறுப்பது, மிச்சத்தைப் பதினொரு மணிக்கு அறுப்பது என்று அக்கா சமாளித்தார். மாமனார் கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் சங்கடமாக இருந்தது. "ஏம்புள்ள, நாளைக்குக் காலைப் புல்லைத் தனியாக் கட்டு. பதினொரு மணிப் புல்லைத் தனியாக் கட்டு. ரெண்டையும் கொண்டாந்து போடு. பாக்கலாம். ஒண்ணுதான் வருதுன்னா, பதினொண்ணுக்கு நீ எதுக்கு வெளிய போறே?"

மீதிக் கட்டங்களை அவசரமாக நிரப்பினேன். அக்கா எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் விடை சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வீடு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் மாலையில் வரச் சொன்னார்கள். வெயில் ஏறிவிட்டது, பாலக்காட்டுக் கணவாயின் ஜனவரிக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. நிழலுக்காக ரயில் நிலையத்துக்குள் நுழைந்தேன். அந்த நேரத்தில் அங்கே வண்டி எதுவும் வருவதில்லை. நடைமேடையின் கோடியில், வேப்பமரத்தடிச் சிமெண்டு பெஞ்சில், அக்கா உட்கார்ந்திருந்தார்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். முறைக்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்.

தெரியாமல் கேட்டுவிட்டேன் என்றேன். தெரிந்துதானே கேட்டீர்கள், கணக்குச் சரியாக வர வேண்டும் என்றுதானே என்றார். குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். பால் ஊற்றிவிட்டு வரும் வழியிலேயே முழுக் கட்டையும் அறுத்து, மதகடியில் வைத்து, நனைத்த சாக்கைப் போர்த்திவிடுவார். பதினொரு மணிக்குப் புல்லுக்கு என்று கிளம்பி, இங்கே வந்து உட்காருவார். ஒரு மணிக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். நான்கு வருடமாக இப்படித்தான்.

"இங்க என்ன செய்வீங்க அக்கா?"

"ஒண்ணும் செய்யமாட்டனுங்க. அதுக்குத்தானே வர்றது."

தண்டவாளத்துக்கு அப்பால் தென்னந்தோப்பு. அதற்கு அப்பால் மலை. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என்னிடம் ஊரைக் கேட்கவில்லை, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் நான் இன்னொருவர் அருகில் கேள்வி இல்லாமல் உட்கார்ந்தது அப்போதுதான். வெகுநேரம் கழித்து அவர், "நாளையோட இது போச்சுங்க," என்றார்.

ரயில் நிலையத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட முடியாதா என்று கேட்க நினைத்தேன். எதற்கு என்று கேட்பார்கள். சும்மா என்ற விடையை அந்த வீட்டில் யார் ஏற்பார்கள்? இரண்டு கட்டும் அறுக்க முடியாதா என்றேன். சோறு வைக்க ஏழரைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அதற்குள் ஒரு கட்டுத்தான் அறுக்க முடியும். இரண்டாவதைப் பதினொரு மணிக்குத்தான் அறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் இந்த பெஞ்சு இல்லை.

"ஒரு நாளைக்கு ரெண்டு கட்டைக் காமிச்சுட்டாப் போதுமுங்க," என்றார். "காலைப் புல்லு பனிப்புல்லு, மாட்டுக்கு வயிறு ஊதும், இனி அது வேண்டாம்னு மாமாவே சொல்லிப்போடுவாரு. நானும் பழையபடி சொசைட்டியில கதை பேசறவளா ஆயிருவேன்."

என் அம்மா கொழுந்து பறிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அரிவாள் பிடித்ததில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். அவர் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"இந்தக் கையை வெச்சுட்டா?"

"இன்னொரு அருவா இருக்கா?"

"இருக்குதுங்க. வெரலு பத்திரம். அப்புறம் நாளைக்கு எதுல எழுதுவீங்க?"

மாலையில் அறைக்குத் திரும்பி, கருவியில் அந்த வீட்டின் படிவத்தைத் திறந்தேன். மாமனார் சொன்னபடி பதினொன்று முதல் ஒன்று வரை புல் அறுத்ததாகவே இருந்தது. அதை அழித்தேன். குறியீட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஒன்றும் செய்யாமல் ஓய்ந்திருப்பதற்கும் உண்டு. அதுவரை எந்தப் பெண்ணின் பகல் நேரத்திலும் நான் அந்த எண்ணை இட்டதில்லை. நான்கு கட்டங்களிலும் இட்டேன். இடம்: வீட்டுக்கு வெளியே.

அனுப்பிய சிறிது நேரத்தில் மேற்பார்வையாளர் அழைத்தார். நான்கு மாடு வைத்திருக்கும் வீட்டில் ஒரு பெண் பட்டப்பகலில் இரண்டு மணி நேரம் சும்மா இருப்பாளா, ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். எதுவும் விட்டுப்போகவில்லை, அவர் வாயால் சொன்னதுதான் என்றேன். சரி, இருக்கட்டும் என்று வைத்துவிட்டார். படிவத்தில் இருப்பது அந்த ஊர்க்காரர் யாருக்கும் தெரியாது. ஆயிரம் பேரின் நாட்களுக்குள் அது கரைந்துவிடும். வீட்டுக்குத்தான் வேறொரு கணக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு, வாய்க்கால் கரையில் பனி விலகாத புல்லில் குனிந்து நின்றேன். அக்கா பத்தடி தள்ளி அறுத்துக்கொண்டிருந்தார். இடதுகைச் சுண்டுவிரலில் ஒரு கீறல் விழுந்தது. வாயில் வைத்துச் சப்பிவிட்டுத் தொடர்ந்தேன். நான் கட்டிய கட்டு நடுவில் பிதுங்கியது. அவர் அதை அவிழ்த்து, முழங்காலை ஊன்றி மறுபடி இறுக்கினார். ஏழரைக்குச் சற்று முன் தன் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பால் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் இரண்டாவது கட்டை மதகடிக்கு இழுத்துச் சென்று சாய்த்துவைத்தேன். சாக்கை வாய்க்காலில் முக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட அதன்மேல் போர்த்தினேன்.