மஞ்சள் சட்டையும் இரண்டு டம்ளர் டீயும்

எங்கள் சபைத் தலைவர் யாரையாவது “அஞ்சு நிமிஷம் ஆபீஸ் ரூமுக்கு வந்துட்டுப் போங்க” என்று கூப்பிட்டால் அந்த ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். இப்படி நான் நம்பினேன். நான் எந்த ஊரில் எந்தக் கடையில் எத்தனை டம்ளர் டீ குடித்தேன் என்பது வரை மேலேயிருந்து அவருக்குத் தகவல் போய்விடுகிறது என்றும் நம்பினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்து நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆள். இருந்தும் நம்பினேன்.

நாங்கள் மார்மன் சபைக்காரர்கள், கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையும் டையுமாக ஒரு கும்பல் மாடிப்படி ஏறுவதைப் பார்த்து, கீழே பேக்கரிக்காரர் ரொம்ப நாள் எங்களை இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் சம்பளத்துக்குப் போதகர் கிடையாது. கோழித்தீவன கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர் ஞாயிறானால் தலைவர். யாருக்கு என்ன பொறுப்பு என்று அவர் தனியே கூப்பிட்டுக் கேட்பார். நாம் சரி என்போம். அடுத்த ஞாயிறு சபை மொத்தமும் வலது கையைத் தூக்கி ஆமோதிக்கும். தனியே கூப்பிடுவது பெரும்பாலும் இதற்குத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குற்றமுள்ள நெஞ்சுக்குத் தெரிந்ததெல்லாம் எதற்கு உதவும்.

குற்றம் இதுதான். எங்களுக்குச் சாராயம், புகையிலை, காப்பி, டீ நான்கும் ஆகாது. சபையில் சேர்ந்த புதிதில் பீரையும் பீடியையும் ஒரே வாரத்தில் விட்டேன். பட்டறையே மூக்கில் விரல் வைத்தது. டீயை மட்டும் விட முடியவில்லை. நாமக்கல்லில் குடித்தால் யாராவது பார்ப்பார்கள் என்று, சாமான் வாங்கப் போகிற சாக்கில் பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியை விரட்டிக்கொண்டு போய்க் குடித்தேன். ஆறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆணிக் கடையை மாற்றுகிறவன், ஒரு டீக்காக அத்தனை பெட்ரோலை எரித்தேன். இப்படி நான்கு வருஷம்.

என் மனைவி சேர்ந்த நாளிலேயே டீயை விட்டவள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் வழக்கப்படி கணவனும் மனைவியும் கோயிலுக்குப் போய் ஒரு சடங்கு செய்துகொண்டால் அந்தக் கல்யாணம் சாவோடு முடியாது, நித்தியத்துக்கும் தொடரும். ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடம் வேறு, இந்தக் கோயில் வேறு; அது கடல் தாண்டி இருந்தது. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. சபையிலிருந்து குழுவாகப் போகிறவர்கள் பட்டியலில் பெயரும் கொடுத்தாயிற்று. பாக்கி இருந்தது கோயிலுக்குள் விடும் அனுமதிச் சீட்டு மட்டும். அதற்குத் தலைவர் முன்னால் உட்கார்ந்து கேட்கிற கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த நான்கு சமாச்சாரமும் ஒரு கேள்வி. சத்தியமாக இல்லை என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

இருபத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் அதை இன்னும் நீட்டிக்கப் பார்க்கிறாள் என்று சொன்னபோது என் வெல்டர் நம்பவில்லை. “அக்காகிட்ட இன்னொருக்கா கேட்டுப் பாருங்கண்ணா, ஏதாச்சும் கோவத்துல சொல்லியிருப்பாங்க,” என்றார்.

அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் கூடுதலாக வந்து, மோகனூர்ப் பக்கம் ஆற்றை ஒட்டிய தாழ்வான தெருவில் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்த சனிக்கிழமை நாங்கள் இருபது பேர் மண்வெட்டி, சோப்பு, பினாயில், வாளி எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். இந்த மாதிரி வேலைக்குப் போகும்போது சட்டைக்கு மேலே எல்லோரும் மஞ்சளாக ஒரு கையில்லாத சட்டை மாட்டிக்கொள்வோம்.

தெருமுனையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, இது எந்தக் கட்சிங்க?”

“கட்சியெல்லாம் இல்லீங்க. சேறு அள்ள வந்திருக்கோம்.”

“எலெக்சன் வருதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்க அள்றீங்க?”

அவருக்குப் பக்கத்திலிருந்தவர் சொன்னார்: “உடுங்க மாமா. போட்டோ புடிச்சதும் போயிருவாங்க.”

போட்டோவும் பிடித்தோம், பொய் சொல்வானேன். ஆனால் அதற்குப் பிறகும் அள்ளினோம். தலைவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பொதுக்கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். நானும் மனைவியும் இன்னும் நாலு பேரும் ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் வீட்டில் முழங்கால் உயரச் சேற்றை வாரினோம். பதினொரு மணிக்கு அந்த வீட்டம்மா, எங்கேயோ அடுப்பு மூட்டி, தட்டு நிறைய டீ கொண்டுவந்தார். வீட்டில் நனையாமல் மிஞ்சிய சர்க்கரையை எல்லாம் அதில் கொட்டியிருப்பார் போல, வாசனையே இனித்தது.

எங்கள் ஆட்கள் வரிசையாகக் கையைக் கூப்பினார்கள். “நாங்க டீ குடிக்கறதில்லீங்க.” “வேண்டாங்கம்மா, பழக்கமில்லீங்க.” எல்லாம் சத்தியமான வார்த்தைகள். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“டீ குடிக்காத மனுசங்க எந்த ஊர்லங்க இருக்காங்க? பெரிய ஊட்டுக்காரங்களும் இப்படித்தானுங்க சொல்லுவாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வாரேன்னு. எங்க ஊட்டு டம்ளரு ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லீட்டுப் போங்க.”

மண்வெட்டிகள் நின்றுபோயின. ஒரு வீட்டில் மறுத்த டம்ளருக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதைத் துடைக்கத்தான் வந்தவர்கள் போல மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, அதையே செய்திருந்தோம்.

அப்போது நான் முன்னால் போய் டம்ளரை எடுத்தேன். சாதிக் கொடுமையை எதிர்த்து நிற்கிற முகத்தோடு எடுத்தேன். குடித்தேன். அருமையான டீ. இன்னொன்றும் எடுத்தேன். இரண்டாவது டம்ளர் எந்தக் கொடுமையை எதிர்த்து என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் அதை ஊதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் குடித்து வைத்த டம்ளரை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். “அக்கா, டீ எங்களுக்கு ஆகாதுங்க. இதுல தண்ணி குடுங்க, தொண்டை வறண்டு போச்சு.” அவர் மொண்டு கொடுத்த தண்ணீரை உதடு வைத்துக் குடித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வாங்கிக் குடித்தார்கள். அந்த அம்மா டீத் தட்டைத் தெருமுனைப் பெரியவர்களிடம் கொண்டுபோனார். விஷயம் ஒரு சொம்புத் தண்ணீரில் முடிந்துவிட்டது. என் தியாகம் அநாதையாக நின்றது.

அந்த அம்மாவுக்காகக் குடித்தேன் என்று மனைவி நினைத்திருக்கிறாள்.

சாயங்காலம் வாளிகளை வண்டியில் ஏற்றும்போது தலைவர் என் தோளில் கை வைத்தார். “நாளைக்குக் கூட்டம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆபீஸ் ரூமுக்கு வந்துட்டுப் போங்க பிரதர்.”

அன்றைக்கு வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று சொற்பொழிவு தயார் செய்தேன். ஒன்று தீண்டாமை பற்றி. இன்னொன்று விருந்தோம்பல் பற்றி. மூன்றாவது, முதல் இரண்டும் எடுபடாவிட்டால் அழுவதற்கு. மறுநாள் அந்த அறைக்குள் நுழையும்போது என் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வெளியே மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் வழக்கம்போல் ஒரு சிறிய ஜெபத்தோடு ஆரம்பித்தார். ஆமென் சொன்ன என் வாய் அதோடு நிற்காமல் ஓடிவிட்டது.

“ரெண்டு டம்ளருங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு. அதுக்கு முன்னாடியும் உண்டுங்க. வேலூர் பஸ் ஸ்டாண்டுல. நாலு வருசமா. வாரத்துக்கு மூணு தடவ, விசேசம்னா நாலு.”

அவர் பேனா மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்.

“என்னதுங்க ரெண்டு டம்ளரு?”

“டீங்க. நேத்து. நீங்க பாத்தீங்களே.”

“நான் எங்கீங்க பாத்தேன். நான் கிணத்துக்குள்ள இருந்தேன்.”

“யாரும் சொல்லலீங்களா?”

“இல்லீங்க. சேவை வேலைக்கெல்லாம் ஒருத்தர் பொறுப்பா வேணும். நீங்க எடுத்துக்குவீங்களான்னு கேக்கத்தான் கூப்புட்டேன்.”

“சரிங்க, எடுத்துக்கறேன்,” என்றேன்.

“அத அப்பறம் பாக்கலாங்க. வர்ற வாரம் சீட்டுக்கு உங்களையும் சிஸ்டரையும் கூப்புடணும். அப்ப இதக் கேக்கணுமே. என்ன சொல்றதா இருந்தீங்க?”

“குடிக்கறதில்லைன்னு சொல்றதா இருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “உட்டுட்டு ஒரு ஆறு மாசம் போகட்டுங்க. அப்பறம் உக்காந்து பேசலாம்,” என்றார். சிஸ்டருக்குச் சீட்டு கொடுக்கத் தடையில்லை என்றும் சொன்னார். ஆனால் இரண்டு பேர் செய்கிற சடங்கை ஒருத்தி போய் எப்படிச் செய்வது.

வண்டியில் திரும்பும்போது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்கிற தைரியத்தில், பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, வண்டியை நிறுத்தினேன்.

“டீக்குங்களா?” என்றாள்.

“ஆமா.”

“வேலூர் வரைக்கும் போயா?”

“ஆமா.”

கேட் திறந்து வண்டிகள் நகர ஆரம்பித்தன.

“அவ்வளவு நல்லாவா இருக்கும் அந்தக் கடையில?”

“இல்ல. சுமாராத்தான் இருக்கும்.”

அன்று மாலை அவள் பட்டியல் வைத்திருந்த சிஸ்டருக்குப் போன் போட்டு, எங்கள் இரண்டு பெயரையும் எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள். “அவருக்குப் பட்டறையில வேலை ஜாஸ்திங்க,” என்றாள். சபையில் சேர்ந்த பிறகு அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

அடுத்த மாதம் எங்கள் சபையிலிருந்து மூன்று குடும்பங்கள் கோயிலுக்குப் போய்வந்தன. நாங்கள் போகவில்லை.