தரங்கம்பாடியில் ஒரு நல்ல தண்ணிக் கிணறு

1. உப்பு

போர்வெல் மோட்டார் வேலையில் என் காலமெல்லாம் உத்தமபாளையத்தைச் சுற்றியே போனது. கடலோரத்தில் வேலை பார்த்தது ஒரே ஒரு தடவை, தரங்கம்பாடியில்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சாமுவேல் அண்ணாச்சி அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி லாட்ஜ் ஆக்கிக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்குத் திறப்பு. புதிதாகப் போட்ட போர்வெல்லில் வந்ததோ உப்புத் தண்ணீர். "காதரு, நம்ம ஊர் ஆளு ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

ஊருக்குள் நுழையவே ஒரு கோட்டை வாசல். டேனிஷ்காரர்கள் காலத்து ஊர். உள்ளே நூல் பிடித்தது மாதிரி தெரு, பழைய சர்ச்சுகள், கடலைப் பார்த்தபடி கோட்டை. எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் எதிரே மலை தெரியும். இங்கே தெருக்கோடியில் வெறும் வெளிச்சம். வேலையை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டாரைப் போட்டு ஒரு வாய் குடித்தேன். துப்பிவிட்டேன்.

"இன்னும் ஆழம் இறக்கிருவமா?" என்றார் அண்ணாச்சி. எங்கள் ஊரில் தண்ணீர் சரியில்லை என்றால் அது ஒன்றுதான் வைத்தியம். நானும் தலையாட்டினேன். துளை போடும் ரிக் வண்டிக்கு அவர் போன் போடும்போது பக்கத்து வீட்டு மேரியக்கா டீ கொண்டுவந்தார். அதில் துளி உப்பு இல்லை.

"எந்தத் தண்ணிக்கா இது?"

"எங்க கெணத்துத் தண்ணிதாங்க. உங்க வீட்டுக் கொல்லையிலயும் ஒண்ணு இருக்கே. பலகை போட்டு மூடி வச்சிருக்காங்க."

2. மேலே ஒன்று, கீழே ஒன்று

ரிக் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பலகையை எடுத்துக் குப்பையை அள்ளினோம். செங்கல் கட்டிய கிணறு. கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர். உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் எங்கள் வீட்டுத் தண்ணீரைவிட நல்லதாகக் காட்டியது. அலைச் சத்தமோ காதிலேயே விழுகிறது. எனக்கு மண்டை குடைந்தது. ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கி, மூடியைத் தனிக் கயிற்றால் இழுத்துத் திறந்தேன். அடித் தண்ணீர் கரித்தது.

கல்லூரியில் புவியியல் நடத்தும் என் மகளுக்குப் போன் போட்டேன். "அத்தா, மழைத் தண்ணி லேசு. மணல்ல எறங்கி உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்கிது. வேகமா உறிஞ்சினீங்கன்னா கீழ உள்ளது மேல ஏறிரும்" என்றாள்.

சோதித்துப் பார்க்க ஒரு மோட்டாரை வைத்து ஓட்டினேன். மத்தியானத்துக்குள் மீட்டர் ஏறிவிட்டது. நிறுத்தினேன். மறுநாள் காலையில் பழையபடி இறங்கியிருந்தது.

"பன்னெண்டு ரூமுக்குப் பத்துமா?" என்றார் அண்ணாச்சி.

"பத்தாதுண்ணாச்சி."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப பெரிய மோட்டாரப் போட்டு எடுப்பம். உப்பானா ஆர்.ஓ. மெஷின் வச்சுக்குவம்."

"நம்ம கிணறு மட்டும் உப்பானாப் பரவால்ல. அந்தக்கா கிணறும் சேந்து போயிருமே. அவுக எந்த மெஷின வைப்பாக?"

அவர் விறுவிறுவென்று கோட்டைப் பக்கம் நடந்துவிட்டார். வேலை போனது என்று நினைத்து டூல்ஸைக் கட்டி வைத்தேன். பொழுது சாயும்போது திரும்பி வந்தார்.

"அங்கன எல்லாரும் பீரங்கிகிட்ட நின்னு போட்டோ எடுக்குறாக. எனக்கு அந்தக் காலத்து ஆளுக என்னத்தக் குடிச்சாகன்னே யோசனை. இந்தத் தண்ணியத்தானய்யா குடிச்சிருப்பாக?" என்றார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு ரூம் போதும். சின்ன மோட்டாரா மாட்டு" என்றார்.

அரை ஹெச்.பி. மோட்டாரை மேல் தண்ணீரிலேயே தொங்கவிட்டு, விட்டு விட்டு ஓட டைமர் வைத்தேன். உப்புத் தண்ணீர் போர்வெல்லை மூடிவிட்டோம். நாலு ரூமோடு லாட்ஜ் இன்றும் நடக்கிறது.

3. கற்றது

போன வாரம் எங்கள் பக்கம் கோம்பையில் ஒரு தோட்டக்காரர், "இன்னும் ஆழம் போகலாமா?" என்று கேட்டார். "ரிக்கை அப்புறம் கூப்பிடுவோம். முதல்ல சுத்தியுள்ள தோட்டத்துக் கிணறுகளைக் காட்டுங்க" என்றேன். தரங்கம்பாடி போகும்வரை எத்தனை அடி ஆழம் என்ற கணக்கு மட்டும் பார்த்த ஆள் நான். நாம் எடுப்பது யார் கிணற்றுத் தண்ணீர் என்று இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, நீங்களும் அதைப் பார்த்துவிட்டு மோட்டாரை இறக்குங்கள்.