பாகலூரில் இரண்டு வண்டிக் கல்

காவிரிக் கரையில் பிறந்தவனுக்குக் கல் என்றால் அம்மியும் ஆட்டுக்கல்லும்தான். அப்படிப்பட்ட நான், சென்ற வைகாசியில், வீட்டுச் சுவருக்குக் கல் தேடி ஓசூர்ப் பக்கம் போனேன். காரணம் என் தங்கை. போன வருஷ மழையில், பாகலூரில் அவள் புகுந்த வீட்டின் மேற்கு மண்சுவர் சரிந்து விழுந்தது. பிரசவத்துக்கு எங்களிடம் வந்தவள், கல்சுவர் எழும்பினால்தான் குழந்தையோடு திரும்புவேன் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையும் சம்மதித்து, புதன்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் அவரிடமிருந்து ஒரு கார்டு: சுவர் இடுப்பளவில் நிற்கிறது, கல் தீர்ந்துவிட்டது, கொத்தர்களையும் நாலு நாளாகக் காணோம், வரும் வழியில் கல்லுக்கு விசாரியுங்கள்.

வியாழனன்று புறப்பட்டேன். சேலத்தில் காலை ஆறரைக்குப் பஸ். ஓசூர் நூறு மைல், கட்டணம் மூன்று ரூபாய் இரண்டணா. தருமபுரி வரை தூங்கலாம். கிருஷ்ணகிரி வந்தால் விழித்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைமலை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கல் இல்லை என்று கார்டு போடுகிறாரே என்று மாப்பிள்ளை மேல் கோபம்கூட வந்தது. பன்னிரண்டரைக்கு ஓசூர். அங்கிருந்து பாகலூர் எட்டு மைல், ஆறணா.

பஸ்ஸை விட்டு இறங்கியதும், எருமை ஓட்டி வந்த ஒரு தெலுங்குக் குடியானவரிடம், நல்ல கல்லு எங்கே கிடைக்கும், இரண்டு வண்டி வேண்டும் என்று உரக்கக் கேட்டேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"மெல்லப் பேசு சாமி. இங்க ஏது? கோடு தாண்டி மைசூர்ப் பக்கம் ரெண்டு மைலு போ. காலையில எறக்குனது இருக்கும்."

வண்டியிலிருந்து இறக்கிய கல்லாக்கும் என்று நம்பி, வெயிலில் நடந்தேன். எல்லை தாண்டியதும் ஈச்சமரத் தோப்பு, அதற்குள் ஒரு கீற்றுக் கொட்டகை. கல்லு என்று சொல்லி வாய் மூடவில்லை, கடைக்காரர் பானையில் மொண்டு நீட்டினார். வாசனையே விஷயத்தைச் சொல்லிவிட்டது. தெலுங்கில் கல்லு என்றால் கள். நம் கல்லை அவர்கள் ராயி என்பார்கள். மதுவிலக்குள்ள சேலம் ஜில்லாவில், நட்டநடு ரோட்டில் நின்று, இரண்டு வண்டி கள் கேட்டிருக்கிறேன்!

நான் புலம்பியதைக் கேட்டு மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலைப்பாகையெல்லாம் சுண்ணாம்புத் திட்டு. விசாரித்தால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து காணாமல் போன கொத்தர்களேதான். மூத்தவர் பெயர் முனியப்பா.

"ராயி தீந்துபோச்சு சாமி. அதான் இந்தக் கல்லுக்கு வந்தோம்" என்றார்.

புதன்கிழமையைச் சொன்னேன், மூன்று மாதக் குழந்தையைச் சொன்னேன். முனியப்பா தன் பங்கைப் பக்கத்து ஆளின் கலயத்தில் ஊற்றிவிட்டு எழுந்தார். ஏரிக்கரைப் பாறையில் அவருடைய உறவுக்காரர் கல் உடைக்கிறாராம். பாறை மேல் நெருப்பு மூட்டிச் சூடேற்றித் தட்டினால், தோசை போலத் தகடாக எழும்புகிறது. வேடிக்கை பார்க்கவே போகலாம். அன்று மாலையே இரண்டு வண்டி வீடு சேர்ந்தது.

சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய் ஊறவைத்தது நான். ஆர்வக்கோளாறில் கல்லும் வைத்தேன், ஒன்றின் மேல் ஒன்றாக, இடுக்கு நேருக்கு நேர் வரும்படி. முனியப்பா எல்லாவற்றையும் பிரித்தார்.

"ரெண்டு கல்லு மேல ஒரு கல்லு உக்காரணும் சாமி. இல்லேன்னா இது சொவரு இல்ல, பக்கத்துல பக்கத்துல நிக்கிற தூணு."

பிறகு எனக்குக் கடுக்காய் வேலை மட்டுந்தான். அதிலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். செவ்வாய் மாலை சுவர் கூரையைத் தொட்டது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: குடை எடுத்துக்கொள்ளுங்கள், வைகாசியில் பிற்பகல் மழை உண்டு. ராகிக் களியை மெல்லாதீர்கள், விழுங்குங்கள். கல் வேண்டுமென்றால், கேட்கிற ஆள் எந்த மொழி என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

புதன்கிழமை அப்பா தங்கையை அழைத்து வந்தார். மூன்று மணிக்கு மழையும் வந்தது. போன வருஷம் மழை தூறினாலே அவள் அந்தச் சுவரை விட்டு விலகி, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். இப்போது பாயை எடுத்தாள். மேற்குச் சுவரை ஒட்டி விரித்து, குழந்தையைக் கிடத்தினாள்.