பழைய துவக்குக்கு ஒரு பிடி

சுவிஸில், ஆரா நகரத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ச் சுடுதளத்தில், செவ்வாய் மாலைகளில் சின்னத் துவக்கால் காகித இலக்குக்குச் சுடுகிறேன். படுத்து, மூச்சை அடக்கி, தூரத்துக் கறுப்பு வட்டத்தைப் பார்க்க வேண்டும். வேலையிடம், பக்கத்து வீடு, அரசாங்கக் கந்தோரிலிருந்து வரும் கடிதங்கள், எல்லாமே எனக்குக் கோபத்தை உண்டாக்கும். அங்கே படுத்தால் மட்டும் கோபம் அடங்கும். போன மாரியில் அந்த வட்டம் கலங்கத் தொடங்கியதும் பயம் பிடித்துவிட்டது.

துவக்கு என்னைவிட வயதானது. குறி பார்க்கும் துவாரத்தில்தான் பிழை என்று நானே முடிவு கட்டினேன். போட்டிக்கு ஆகாது, பயிற்சிக்குத் தொலைநோக்கி பூட்டலாம் என்றார்கள் சுடுதளக் கழகத்தில். வாங்கினேன். அதைத் துவக்கில் இருத்தும் பிடிதான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இந்தத் துவக்கின் முதுகில் பிடி கொளுவுகிற தவாளிப்பு அவ்வளவு ஒடுக்கம். துளை போட்டு இறுக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். இவ்வளவு காலம் கெடாமல் இருந்ததை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

அலுமினியத் துண்டொன்றைக் குசினியில் வைத்து அராவினேன். மேசையில் பூட்டுகிற தேங்காய் திருவும் மெசினின் காலால் அதை நெரித்துப் பிடித்தேன்.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள், இஞ்ச துவக்குக்குக் கண்ணாடி போடுறார்,” என்றாள் மனைவி. “முதல் உங்கட கண்ணுக்குப் போடுங்கோ.”

“கண்ணுக்கு ஒண்டுமில்லை.”

“ஓம். நேற்றுக் கறிவேப்பிலையை மிளகாய் எண்டு பொறுக்கி வைச்சது ஆரோ?”

“நீர் சும்மா இரும்.”

“நாளைக்குச் சம்பலுக்குள்ள அலுமினியம் கடிபடேக்க நானும் சும்மா இருப்பன்.”

பிடி பொருந்தியது. சுட்டேன். ஓட்டைகள் காகிதம் முழுக்கச் சிதறின. கழற்றி அராவினேன். தகரக் கீலம் வைத்து இறுக்கினேன். ஒவ்வொரு செவ்வாயும் அதே கதை. சனியன் பிடிச்ச துண்டு என்று ஒருநாள் சத்தமாகவே திட்டினேன். அடுத்த இடத்தில் சுடும் கிழவர், சுவிஸ்காரர், தமிழ் விளங்காமலே சிரித்தார். தான் ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

அவர் சுட்டதெல்லாம் வட்டத்தின் நடுவில், ஒன்றையொன்று தின்றபடி விழுந்தன. பிடியை விரலால் தட்டினார். ஆடவேயில்லை. நல்ல வேலை, நீயே செய்தாயா என்று கேட்டார். அது ஆடியிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. திரும்பப் படுத்து வலது கண்ணை வைத்தேன். வட்டத்தின் நடுவை யாரோ ஈரத் துணியால் தேய்த்தது மாதிரி இருந்தது. தொலைநோக்கி அந்த அழுக்கைப் பெரிதாக்கித்தான் காட்டியது.

கண் டொக்டர் நிறையக் கதைத்தார். போனது வராது என்பது மட்டும் விளங்கியது. சுடலாமா என்று கேட்டதற்கு, மற்றக் கண்ணால் பழகிப் பார் என்றார், ஏதோ செருப்பு மாற்றுகிற மாதிரி.

இப்போது இடது தோளில் வைத்துப் படுக்கிறேன். வட்டம் தெளிவாகத் தெரிகிறது. இடது விரல் நேரத்துக்கு முன்னமே இழுத்துவிடுகிறது. மூச்சு அடங்குவதில்லை. எழும்பும்போது, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல், வாயில் தூசண வார்த்தை வருகிறது.