முதலாளிக்கு அளவெடுத்த மட்டை

என் வீட்டுக்காரரைத் தொழிற்சாலையில் ‘கிராம் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகப் பேசிக்கொண்ட அன்றைக்கு என் கைப்பையை வாங்கி இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “இது ஒரு பக்கமா நாற்பது கிராம் சாயுதுங்க” என்றார். கல்யாணப் பேச்சு பேச வந்த எந்த மனுஷனாவது இப்படி வாயைத் திறப்பானா? சரி, இந்த ஆளிடம் பொய் இருக்காது என்று நினைத்துச் சம்மதித்தேன். பொய் இல்லை, வாஸ்தவம்தான். பேச்சே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு கோல்ஃப் மட்டை வடிவமைக்கிற வேலை. அந்த ஆட்டம் ஆடுகிறவர்களிடம் பை நிறைய மட்டை ஏற்கனவே இருக்கும். இருந்தாலும், இதைவிட நாலு கஜம் கூடுதலாகப் பந்து போகும் என்று யாராவது சொல்லிவிட்டால் உடனே இன்னொன்று வாங்கிவிடுவார்கள். அந்த நாலு கஜத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இவருக்குச் சம்பளம். நீளமான தண்டு, அதன் முனையில் கைமுஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகத் தலை. உள்ளே வெறும் கூடு. அந்தத் தலை மொத்தமே இருநூறு கிராம். அந்த இருநூறில் ஐந்து கிராமை முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா என்று ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார். அதற்குள் தையல் வேலை செய்கிற நான் ஒரு கோட்டு தைத்துக் கொடுத்து, வாடிக்கையாளர் அதைப் போட்டுக் கிழித்தும் முடித்திருப்பார்.

அந்த மட்டைக்கு முகம் உண்டு, கழுத்து உண்டு, குதிகால்கூட உண்டு. தண்டு தலையில் சேருகிற இடம் கழுத்து, பந்து படுகிற இடம் முகம். அதில் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓரம் குதிகால். பந்து நடு முகத்தில் பட்டால் நேராகப் போகும். குதிகாலில் பட்டால் வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய் விழும். இவ்வளவுதான் விஷயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை எனக்கு ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். அவர் நிறையப் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. ஒரு பக்கம் சுவர் கிடையாது, புல்வெளியைப் பார்த்துத் திறந்து கிடக்கும். தரையில் முடுக்கிய இயந்திரக் கை ஒன்று அங்கே மட்டையைப் பிடித்துச் சுழற்றிச் சுழற்றி அடிக்கும். மூச்சுக்காற்று பட்டால்கூட முள் ஆடிவிடும் என்று தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார். மேஜைமேல் வரிசையாக டப்பா டப்பாவாக, செருப்புக்கடையில் விற்கிற கால் பவுடர் ஸ்பிரே. கால் நாற்றத்துக்கு அல்ல. மட்டை முகத்தில் அதை வெள்ளையாக அடித்துவிட்டுப் பந்தை அடித்தால், பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழும். அந்தத் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

வம்பு முதலாளியால் வந்தது. நல்ல மனுஷர். ஞாயிறு தவறாமல் தன் தம்பியோடு ஆடப் போவார், தோற்றுவிட்டு வருவார். அடிக்கிற பந்தெல்லாம் வலப்பக்கத்து மரத்துக்குத்தான் போகும். திங்கட்கிழமை கொட்டகைக்கு வந்து, “ஏம்ப்பா, இந்த மட்டையும் வலது பக்கமா இழுக்குதே” என்பார். மட்டை எங்கே இழுத்தது? இயந்திரக் கையில் மாட்டினால் கயிறு கட்டி இழுத்தது போல நேராகப் போகும். ஆனால் தன் கைக்கு ஒத்து வராத எதையும் முதலாளி விற்பனைக்கு அனுப்ப மாட்டார். பதினோரு வருஷத்தில் இருபது மாதிரிக்குமேல் இப்படி அலமாரியில் தூங்கின.

கடைசி மாதிரிக்கு இரண்டு வருஷம் உழைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அது தயாராகிற நேரத்தில் முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார்: “வெள்ளிக்கிழமை நான் அடிச்சுப் பார்க்கிறேன். இதுவும் இழுத்துச்சுன்னா இந்தக் கொட்டகையைப் பூட்டிடலாம்ப்பா. மட்டைத் தலையை வெளியில வாங்கி நம்ம பேரை ஒட்டிக்கலாம்.”

அன்று சாயங்காலம் இவர் தட்டில் போட்டதைத் தொடவே இல்லை. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டேன்.

“என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்த மூஞ்சி? சொல்லித் தொலைங்க.”

சொன்னார். முதலாளி எப்போதும் குதிகாலில்தான் அடிக்கிறாராம். முதல் நாளே பவுடர் தடத்தில் தெரிந்துவிட்டதாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அப்போ சொல்ல வேண்டியதுதானே? பதினோரு வருஷமா வாயில என்ன வச்சிருந்தீங்க?”

“யாரு சொல்றது, அவர்கிட்ட?”

அந்த நேரம் பார்த்து என் மடியில் கிடந்தது முதலாளியின் கோட்டு. அவருக்கு நான்தான் தைப்பது. வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறக்கம் அவருக்கு. எந்தக் கோட்டு தைத்தாலும் வலது தோளுக்குள் கூடுதலாக ஒரு பஞ்சுப் பட்டையை வைத்துத் தைத்துவிடுவேன். கண்ணாடி முன்னால் நின்று, “எப்படி நிமிர்ந்து நிக்குது பார்” என்று சந்தோஷமாகப் போவார். எந்தத் தையல்காரியும் வாடிக்கையாளரைப் பார்த்து உங்கள் தோள் கோணல் என்று சொல்ல மாட்டாள். சொன்னால் பிழைப்பு என்னாவது?

“நீங்களும் இப்படிச் செய்யுங்களேன்,” என்றேன். “ஆளைத் திருத்த முடியாது. அவர் எங்க அடிக்கிறாரோ அங்க கனத்தைக் கொண்டுபோய் வையுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ஆறிப்போன சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மறுநாள் மட்டைத் தலையின் அடியில் இருக்கிற சின்னத் துளை வழியாகப் பசையைச் சூடாக்கி உள்ளே விட்டு, குதிகால் பக்கம் பதினாலு கிராம் ஏற்றினார். முகத்தையும் இரண்டு டிகிரி இடப்பக்கம் திருப்பினார். வெள்ளிக்கிழமை முதலாளி வந்து அடித்தார். பந்து வலப்பக்கம் கிளம்பவே இல்லை. நேரே, நட்ட நடு மைதானத்தில், இருநூற்றுப் பத்து கஜம். இன்னொன்று. அதுவும் நேர். எட்டாவது பந்தில் மனுஷர் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினாராம். அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டு, “ஞாயித்துக்கிழமை வா, பார்த்துக்கிறேன் உன்னை” என்று சத்தம் போட்டாராம்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. “இதேதான். ஒரு கிராம் மாறக்கூடாது. ரெண்டாயிரம் தலைக்குத் திங்கட்கிழமை அச்சு போடச் சொல்லுப்பா” என்று உத்தரவுத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் பேயறைந்தது போல வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். ஐயோ, ஒரு ஆளின் தோளுக்கு வைத்த பஞ்சை ஊரில் இருக்கிற எல்லாச் சட்டையிலும் வைத்துத் தைத்தால் என்ன கதி? ஒழுங்காக அடிக்கத் தெரிந்தவன் அந்த மட்டையை வாங்கி அடித்தால் பந்து இடப்பக்கம் ஓடும். சந்தேகத்துக்கு அன்று மாலையே இயந்திரக் கையில் மாட்டிப் பார்த்திருக்கிறார். பந்து இடப்பக்கம் வளைந்து சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் விழுந்ததாம். காவல்காரர் ஓடி வந்து யார் கல்லெறிந்தது என்று கேட்டிருக்கிறார்.

“சொல்லிடறேன்,” என்றார்.

“சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லலைன்னா ரெண்டாயிரம் பேரு காசு கொடுத்து கோணல் மட்டை வாங்குவாங்க. அதுல என் கை இருக்கும்.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. யோசனை என்னுடையது. போகப்போவது அவருடைய வேலை. சனிக்கிழமை காலை முதலாளியின் கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, “வாங்க, நானும் வர்றேன்” என்று கிளம்பிவிட்டேன். கேட்டால் கோட்டு கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலாளி கொட்டகையில்தான் இருந்தார், அந்த மட்டையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் நேரே அலமாரிக்குப் போனார். சாதா மட்டை ஒன்றை எடுத்து, முகத்தில் பவுடரை அடித்து, நீட்டினார்.

“பத்துப் பந்து அடிங்க, சார்.”

அடித்தார். பத்தும் வலப்பக்கத்து மரத்துக்குப் போயின. மட்டையைத் திருப்பிக் காட்டினார் இவர். நடு முகத்தில் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. குதிகால் ஓரத்தில் பத்துத் தடமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன.

முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை வருஷமா?”

“நான் வேலைக்குச் சேர்ந்ததுலருந்து, சார். அதுக்கு முன்னாடி தெரியாது.”

“அப்போ புது மட்டை?”

“பதினாலு கிராம் உங்களுக்காக ஏத்தினது. மத்தவங்க அடிச்சா இடது பக்கம் போகும். ரெண்டாயிரமும் போகும்.”

முதலாளியின் முகம் சிவந்தது. “என்னை வச்சு விளையாடினியா?” என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவரைத் திட்டாதீங்க, சார். நான் சொல்லித்தான் செஞ்சாரு. உங்க கோட்டுல பஞ்சு வைக்கிற மாதிரி...”

“கோட்டுல என்ன பஞ்சு?”

போச்சுடா. வாயை மூடுவதற்குள் பாதி வந்துவிட்டது, மீதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். முதலாளி என் கையிலிருந்த கோட்டை வாங்கி இரண்டு தோளையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். காப்பாற்ற வந்தவள் குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

“புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து என்னை நிமிர்த்தி வச்சிருக்கீங்க,” என்றார் முதலாளி. கோபமா, வேறு என்னவா, தெரியவில்லை. பிறகு சின்னக் குரலில் கேட்டார்: “நேத்து எட்டுப் பந்து நேராப் போச்சே. அது நான் அடிச்சதா, மட்டை அடிச்சதா?”

ஆமாம் நீங்கள்தான் என்று சொல்லிவிடேன்யா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். இவரா சொல்வார்?

“இருநூத்திப் பத்து கஜம் உங்க கை, சார். நேராப் போனது மட்டை.”

முதலாளி அதை மென்று விழுங்கினார். பிறகு மேஜைமேல் இருந்த உத்தரவுத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“அச்சு வேண்டாம்,” என்றார். “நீ முதல்ல செஞ்சியே, நேர் மட்டை, அதுக்குப் போடு. கனத்தைத் தனியா ஒரு திருகாணியில வை. வாங்க வர்றவன் பவுடர் போட்டு அடிக்கட்டும், அவனவன் கோணலுக்குத் தகுந்த மாதிரி நீ முடுக்கிக் கொடு. சொல்ல வேண்டியதை மூஞ்சிக்கு நேரா சொல்லு. இனிமே என்கிட்டயும்.” கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தவர் திரும்பி, “ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இந்த மட்டையை நான் எடுத்துட்டுப் போறேன். தம்பிகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது” என்றார்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்த சுகத்தில் தெரு முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். திடீரென்று நின்றார்.

“உன்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்.”

“என்ன?”

“நீ எனக்குத் தைக்கிற பேன்ட்டு எல்லாத்துலயும் இடது கால் மட்டும் கால் அங்குலம் நீளம்.”

எனக்குச் சுருக்கென்றது. “எத்தனை வருஷமா?”

“கல்யாணம் ஆனதுலருந்து.”

“மத்தவங்க துணியும் அப்படியா?”

“இல்ல. அதெல்லாம் அளவா இருக்கும். என்னோடதை மட்டும் நீ கடைசியா எடுத்து, களைச்சுப்போய்த் தைப்பே. அதான் நான் ஒண்ணும் சொல்லலை.”

குனிந்து பார்த்தேன். இடது காலில் ஓரத்தை உள்பக்கமாக மடித்து, கண்ணுக்கே தெரியாமல், தன் கையாலேயே நாலு தையல் போட்டிருந்தார்.