பொகவந்தலாவை மழையில் எங்கள் சிவப்பு

பொகவந்தலாவைக் கடைவீதியில் பஸ் நிற்கிறது; குடையோடு இறங்குகிறேன். எங்கள் சாயக் கம்பெனியின் வரலாற்றை எழுதத்தான் ஊர் ஊராக அலைகிறேன். கம்பெனி முதன்முதலில் காய்ச்சிய சிவப்பு மழையில் கரைந்து, வியாபாரமே படுத்துப் போனதாம்.

சாயக்கடை வாசலில் ஒரு பெண் கொட்டும் மழையில் நிற்கிறாள். வெள்ளை ரவிக்கைமேல் எங்கள் புதுச் சிவப்பில் தோய்த்த, கோதுமை மாச் சாக்கைப் பிரித்தெடுத்த துணி. சுற்றிலும் தோட்டத்துப் பெண்கள்.

"என்னம்மா இது?" என்கிறேன் ஒருத்தியிடம்.

"திருவிழாவுக்கு எங்க லயத்து வீடு எல்லாத்துக்கும் சாயம் வாங்கணும்ங்க. மொதல்ல ஒருத்தி நனைஞ்சு பாப்போம். ரவிக்கையில சாயம் எறங்கிச்சுன்னா, கடைக்கார நானாவே வச்சுக்கட்டும்!"

நனைந்து நின்றவள் துணியை விலக்குகிறாள். ரவிக்கை வெள்ளை வெளேரென்று இருக்கிறது! பெண்கள் கடைக்குள் பாய்கிறார்கள். நான் குடையை மடக்கிவிட்டு, அந்தத் துணியை வாங்கி என் வெள்ளைச் சட்டைமேல் போட்டுக்கொண்டு மழையில் நிற்கிறேன்.