ஏரிக்கரையில் இருபது மீட்டர் கம்பி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கிளம்பினோம். முன்னால் நானும் என் கணவர் செல்வராஜும். பின் சீட்டில் ராகி. கேழ்வரகு நிறத்தில் இருப்பதால் எங்கள் நாய்க்கு அந்தப் பெயர். டிக்கியில் இருபது மீட்டர் செம்புக் கம்பி, இழுத்தால் ஏழு மீட்டர் நீளும் தூண்டில் கம்பு, அளவு நாடா, ஒரு பேட்டரி, சாப்பாட்டு டப்பா அளவே இருக்கும் என் ரேடியோ. எலுமிச்சை சாதம் மட்டும் கொட்டிவிடக்கூடாதென்று என் மடியில்.

லிஃப்டில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் எங்கே பயணம் என்று கேட்டார்.

"நாமகிரிப்பேட்டைக்குங்க" என்றார் இவர்.

"அங்க என்ன விசேஷம்?"

"அங்க போனா இரைச்சல் இருக்காதாம்."

அவருக்குப் புரிந்திருக்காது. வாசகர்களுக்காவது சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் தேர்வு எழுதி, ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினேன். இணையம் வேண்டாம், செல்போன் டவர் வேண்டாம். சொந்த ரேடியோவும் நல்ல ஏரியல் கம்பியும் இருந்தால் நானூறு ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு பேசலாம். முன்பின் தெரியாத அவர் அங்கிருந்து பதில் சொல்வார். இதில் காசு வராது, பரிசு கிடையாது. ஆனாலும் ஒருமுறை பேசிப் பழகினால் விட முடியாது.

எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். மொட்டைமாடியில் கம்பி கட்ட மூன்று முறை மனுக் கொடுத்தேன். இடி இறங்கும் என்றார் ஒருவர். துணி காய இடமிருக்காது என்றார் இன்னொருவர். பால்கனியில் கட்டிய கம்பியில் ஊரிலுள்ள எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாவற்றின் மின் இரைச்சலும் கேட்கும். ரேடியோவைத் திறந்தால் பொரி வறுக்கிற சத்தம்தான். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படி ஊருக்கு வெளியே போவது எங்கள் வழக்கம். இவருக்கு ரேடியோவில் ஆர்வமில்லை. போர் போடும் லாரிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்க இரும்பு பார்த்தவருக்கு ஞாயிறன்று மரம் பார்க்க வேண்டும். ராகிக்கு ஜன்னல் காற்று வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பயணம் ஒத்துவந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பதினான்கு மாதங்களுக்கு முன் தைராய்டு கட்டிக்கு எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்தது. கட்டி போயிற்று, கூடவே என் குரலும் போயிற்று. ஆறு மாதத்தில் பாதி திரும்பியது; ஆனால் அது என் குரல் இல்லை. கட்டையாக, நடுநடுவே காற்று மட்டும் வரும் குரல். கேஸ் சிலிண்டர் புக் செய்யக் கூப்பிட்டால் "சொல்லுங்க சார்" என்பார்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் ராகி காதை நிமிர்த்திவிட்டு இவரைப் பார்க்கும். அன்றிலிருந்து வீட்டில் போனை எடுப்பது இவர் வேலையானது. ரேடியோவிலும் நான் பேசுவதை விட்டுவிட்டு, பழைய தந்திபோல் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் சாவியில் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். மோர்ஸுக்குக் குரல் தேவையில்லை.

மல்லூர் தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. ஆண்டகளூர்கேட்டில் இடப்புறம் திரும்பி ராசிபுரத்துக்குள் போனபோது ஆறரை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். டீ பன்னிரண்டு ரூபாய். ராகிக்கு ஒரு வர்க்கி பிஸ்கட். அங்கிருந்து நாமகிரிப்பேட்டை பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஊரை நெருங்கும்போதே வேகவைத்த மஞ்சளின் வாடை காருக்குள் வந்தது. மாசி மாதம், காடு என்று இங்கே சொல்லும் வயல்களிலெல்லாம் மஞ்சள் வெட்டி முடிந்திருந்தது. களங்களில் பாய் பாயாகக் காயப் போட்டிருந்தார்கள். பின்னால் கொல்லிமலை நீலமாக நின்றது.

ஊருக்கு வெளியே ஒரு கடைக்காரரிடம் விசாரித்தோம். "ஏரிக்கரைல நிப்பாட்டிக்கோங்க, ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க" என்றார். நாங்கள் போய் நின்ற இடத்தில் மீட்டர் நாற்பத்தொரு கிலோமீட்டர் காட்டியது. மணி ஏழேகால்.

கரையில் தூண்டில் கம்பை நீட்டி, ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டினோம். கம்பியின் நடுப்பகுதியை அதன் உச்சியில் ஏற்றி, இரண்டு பக்கங்களையும் வடக்கிலும் தெற்கிலும் இழுத்துக் கட்ட வேண்டும். நான் நாடாவைப் பிடித்து அளந்தேன். இவர் திசைகாட்டியைப் பார்த்துக் கையைக் காட்டினார். கம்பி யார் காலிலும் தடுக்கிவிடக்கூடாதென்று இரண்டு முனையிலும் சிவப்பு ரிப்பன் கட்டினோம். தெற்கு முனைக்கு ஏரியோரக் காட்டின் வரப்பில் ஒரு வேப்பமரம் வாகாக நின்றது. அதில் கட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தால் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழு ஐம்பதுக்கு வரப்பின் மேல் ஒரு பெண் வேகமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் அள்ளும் கூடை. பெயர் பழனியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"ஆருங்க நீங்க? என்னத்த அளக்கறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வெளியாளிடம் முதல் பேச்சு எப்போதும் அப்படித்தான். இவர் ரேடியோவைக் காட்டி முந்திக்கொண்டார்.

"சும்மா ரேடியோல பேச வந்தோமுங்க. இது ரிக்குங்க, ஹாம்காரங்க இதயும் ரிக்குன்னுதான் சொல்லுவாங்க."

அந்தப் பக்கத்தில் ரிக் என்றால் போர் போடும் லாரி ஒன்றுதான். பழனியம்மாள் திரும்பிக் களத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "முத்துசாமி, இங்க வா. டவருக்கு அளக்கறாங்க. போரும் போடப் போறாங்களாமா."

முத்துசாமி அவருடைய கொழுந்தனார். பைக்கில் வந்தார். பின்னாலேயே களத்திலிருந்து நான்கைந்து பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் வந்ததும் முதலில் வேப்பமரத்துச் சிவப்பு ரிப்பனைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே மாதிரிதான் வந்தாங்க" என்றார் முத்துசாமி. குரலை உயர்த்தவில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சும்மா பாக்க வந்தோம்னாங்க. அடுத்த வாரம் எங்க காட்டு நடுவுல கல்லு நட்டுருந்துச்சு. எங்களுக்கு இருக்கறதே ரெண்டு ஏக்கரா. அதுல உயர்மின் டவரு நின்னா என்னங்க மிஞ்சும்? கேசு இன்னும் நடக்குது."

நான் உரிம அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அவங்களுந்தான் கார்டு காட்டுனாங்க."

சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது, காட்டிவிடலாம் என்று ரேடியோவைத் திறந்தேன். மோர்ஸ் சாவியை மாட்டித் தட்டினேன். பீப், பீப் என்று தெளிவான ஒலி வந்தது. நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

"பாத்தீங்களா, மிசினு அளக்குது" என்றார் பழனியம்மாள். "எல்லாத்தையும் கழட்டி வைங்க. காரு சாவி முத்துசாமிகிட்ட இருக்கட்டும். பஞ்சாயத்து பிரசிடெண்ட் வந்து பாத்துட்டு அனுப்பட்டும்."

இவர் சாவியைக் கொடுத்துவிட்டார். வாக்குவாதம் பண்ணவில்லை. நேரே டிக்கிக்குப் போய், என் பையின் பக்க ஜிப்பைத் திறந்து மைக்கை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சேன்" என்றார். "பேசிக் காட்டு கலா. வேற வழி இல்ல."

"என்னால முடியாதுங்க."

"கேக்கறவனுக்கு உன் பழைய கொரலு தெரியாதில்ல."

பதினான்கு மாதங்களாக என் நினைவுக்கு வராத விஷயம் அது. மைக்கை மாட்டினேன். அலைவரிசையைத் திருப்பிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் ஒருவர் தமிழில் பேசி முடித்துக்கொண்டிருந்தார். ஊரைச் சுற்றி இரைச்சலே இல்லாததால் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. அவர் முடித்ததும் பொத்தானை அழுத்தி, உரிமத்தோடு எனக்குத் தந்த அழைப்புக்குறியைச் சொன்னேன். முதல் எழுத்து காற்றாகப் போயிற்று. தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன்.

"வணக்கம் சார், நாகர்கோவில்ல இருந்து பேசுதேன்" என்று பதில் வந்தது. "உங்க சிக்னல் கொஞ்சம் கம்மி, ஆனா சத்தம் ஒரு எழுத்து விடாம தெளிவா கேக்கு. எங்கேருந்து பேசுதீங்க சார்?"

சார். எதற்குப் பயந்து இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது ஏழு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது.  ஆனால் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். முத்துசாமியும் காத்திருந்தார்.

"நாமகிரிப்பேட்டை ஏரிக்கரையிலிருந்து பேசறனுங்க. நான் சார் இல்லீங்க. பேரு கலா. ஆபரேஷனுக்கு அப்புறம் கொரலு இப்படி ஆயிடுச்சு."



"மன்னிச்சிருங்க மேடம். ஒடம்பு இப்போ சௌரியம்தானே? நாமகிரிப்பேட்டைன்னா மஞ்சள் ஊர்லா. அங்க மஞ்சள் காயுதா? இங்க காலையிலேருந்து மேகமூட்டமா கெடக்கு."

பழனியம்மாள் கூடையைக் கீழே வைத்தார். "அவரு நெசமாலுமே நாகர்கோயில்லயா இருக்காரு?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். "அங்க மழ பேயுதான்னு கேளுங்க சாமி. எங்க மஞ்ச அஞ்சு நாளாத்தான் காயுது."

கேட்டேன். இல்லை, வெறும் மேகந்தான் என்றார். நாகர்கோவில் மேகத்துக்கும் இவர்கள் களத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் பழனியம்மாள் அண்ணாந்து தெற்கு வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாகர்கோவில்காரர் அதற்குள் தன் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். வீட்டில் இரண்டு பூனைகளாம். ஒன்று ரேடியோ மேலேயே படுத்துத் தூங்குமாம். விடைபெறும்போது, "அடுத்த மட்டமும் வாங்க மேடம், உங்க கொரலை இனி மறக்க மாட்டேன்" என்றார்.

முத்துசாமி சாவியை எடுத்து எங்கள் காரின் மேல் வைத்தார். "அப்ப டவருக்கு இல்லீங்களா?"

"இல்லீங்க. அதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லீங்க. எனக்கு இந்தக் கம்பி மட்டுந்தான். சாயங்காலம் சுருட்டி எடுத்துட்டுப் போயிருவோம்."

"எங்க அத்தைக்கும் இப்படிக் கட்டக் கொரலுதான்" என்றார் பழனியம்மாள். "ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்புட்டா இந்தப் பக்கம் ஆடு திரும்பும். நீங்க ஏனுங்க இந்தக் கொரலப் போயிப் பொத்தி வெச்சீங்க?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் கட்டையாகத்தான் வந்தது.

பத்து மணிக்குள் மதுரை, கோழிக்கோடு, பெங்களூரு என்று ஆறு பேரிடம் பேசிவிட்டேன். களத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். தானும் பேசலாமா என்று முத்துசாமி கேட்டார். உரிமம் இல்லாமல் பேசக்கூடாது, தேர்வு எழுதினால் பேசலாம் என்றேன். என்ன படிக்க வேண்டும் என்று கேட்டு, புத்தகத்தின் பெயரைச் செல்போனில் பதிந்துகொண்டார். இந்தக் களேபரத்தில் ராகியை எல்லோரும் மறந்துவிட்டோம். பதினோரு மணிக்குத்தான் தேடினேன். களத்தில் மஞ்சளை மெருகேற்றும் உருளை ஒன்று இருந்தது. அதன் அடியில் உதிர்ந்து கிடந்த தூளில் நாலு காலையும் பரப்பிப் படுத்திருந்தது. எழுந்தபோது மூக்கிலிருந்து வால்வரை மஞ்சள். வேலையாட்கள் சிரித்த சிரிப்பில் அது பெருமையாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

மதியம் எலுமிச்சை சாதத்தை வேப்பமரத்தடியில் பிரித்தோம். பழனியம்மாள் ஒரு தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்தார். கேஸ் எப்படிப் போகிறது என்று இவர் கேட்டார். அடுத்த வாய்தா சித்திரையில் என்றும், வக்கீல் நம்பிக்கையாகச் சொல்கிறார் என்றும் பழனியம்மாள் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. ரேடியோவில் இன்னொருவரைக் கூப்பிடச் சொன்னார்.

மூன்று மணிக்குக் கம்பியை இறக்கினோம். முத்துசாமிதான் சுருட்டிக் கொடுத்தார். காரில் ஏறும்போது பழனியம்மாள் ஜன்னல் பக்கம் வந்தார்.

"காலைல சாவி புடுங்குனத மனசுல வெச்சுக்காதீங்க சாமி."

"நீங்க கேட்டதுல தப்பே இல்லீங்க" என்றேன்.

"அடுத்த தடவ கரைல கட்ட வேண்டாம். களத்துக்குப் பின்னால ரெண்டு தென்னமரம் எட்ட எட்ட நிக்குது. அதுல கட்டுங்க, ஒசரமா இருக்கும். எங்க காட்டு மேல கம்பி போகோணும்னா அது உங்குளுது போவட்டும்."

 ராசிபுரம் வரும்வரை நான் எங்கள் மொட்டைமாடியை நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த இருபத்து நான்கு குடும்பங்கள் குடியிருக்கும் இடத்தில், துணிக்கொடியைவிட மெல்லிய ஒரு கம்பிக்கு மூன்று மனுவிலும் இடம் கிடைக்கவில்லை. கம்பி என்றாலே நிலம் போய்விடும் என்று அஞ்சி வாழும் ஒரு குடும்பம், ஒரே பகலில், என் குரலைக் கேட்டுவிட்டு இரண்டு தென்னைமரத்தைக் கொடுத்தது. எங்கள் மாடிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் மூன்று முறையும் காகிதத்தைத்தான் நீட்டினேன். நேரில் போய் ஒருவரிடமும் பேசியதில்லை.

ஐந்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். ராகியை இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும் மஞ்சள் போகவில்லை. துவட்டிக்கொண்டிருக்கும்போது இவருடைய போன் அடித்தது. இவர் கை ஈரமாக இருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், மாதக் கூட்டம் புதன்கிழமை என்று சொல்லக் கூப்பிட்டிருந்தார். நானே எடுத்தேன்.

"வணக்கம் சார்" என்றார் அவர்.

"நான் கலா பேசறேன்" என்றேன். "கூட்டத்துக்கு நான் வர்றேங்க. ஒரு பத்து நிமிஷம் பேசணும்."